புரியாத இசை வாசிக்கவும் நமக்கு உரிமை உண்டு

போன வருடம் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். சிகாகோவின் கறுப்பின இசைக் கலைஞர்கள் 1965-இல் தொடங்கிய ஒரு சங்கத்தைப் பற்றியது. நடுவில் ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். ரோஸ்கோ மிட்செல் என்ற சாக்ஸபோன் கலைஞர் 1976-இல் சுவிட்சர்லாந்தில் வில்லிசாவ் என்ற சிற்றூரின் இசை விழாவில் தனியாக வாசித்தது. அன்று மேடையேற வேண்டியவர் ஆன்டனி பிராக்ஸ்டன். அவர் வர முடியாமல் போகவே மிட்செல் வந்து நின்றார். கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை; கூச்சல் போட்டது. மிட்செல் கரடுமுரடான ஒரு சிறு சுரக்கோவையை எடுத்து அதையே திரும்பத் திரும்ப வாசித்தார். பத்து முறை, இருபது முறை, நிமிடக்கணக்கில். சுரங்கள் மாறவில்லை, அழுத்தம் மட்டும் மெல்ல ஏறியது. கூச்சல் கைதட்டலாக மாறுவதை அந்தப் பதிவிலேயே கேட்கலாம்.

எங்கள் அரங்கில் கூச்சலும் இல்லை, கைதட்டலும் இல்லை. பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஒரு மூத்த பேராசிரியர் எழுந்து கேட்டார்: "இதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது? இவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள் என்பது இந்த இசையைக் கேட்டால் எப்படித் தெரியும்?" தேநீர் இடைவேளையில் இன்னொருவர், உண்மையான அக்கறையோடுதான், தோளில் கைபோட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க பறையைப் பத்தியே பண்ணியிருக்கலாமே. உங்களுக்குன்னா ஃபீல்டு ஒர்க் ஈஸி."

அந்த 'உங்களுக்குன்னா' இன்னும் காதில் ஒலிக்கிறது. இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. முதலாமவர் பெரியாரையும் அம்பேத்கரையும் வகுப்பில் விடாமல் நடத்துபவர். ஆனால் ஒடுக்கப்பட்டவர் வாயைத் திறந்தால் ஒன்று வலி வர வேண்டும், இல்லையென்றால் பாரம்பரியம் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருவருக்கும் பொதுவாக இருந்தது. சிகாகோ சங்கம் பிறந்ததே இந்த எதிர்பார்ப்போடு மல்லுக்கட்டித்தான்.

சங்கத்தின் முழுப்பெயர் நீளமானது: அசோசியேஷன் ஃபார் தி அட்வான்ஸ்மென்ட் ஆஃப் கிரியேட்டிவ் மியூசிஷியன்ஸ். சுருக்கமாக ஏஏசிஎம். 'படைப்பிசைக் கலைஞர் முன்னேற்றச் சங்கம்' என்று தமிழில் சொல்லலாம். பெயரில் 'ஜாஸ்' என்ற சொல் இல்லாததைக் கவனியுங்கள். அது மறதியால் விடுபட்டதில்லை.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனவெறியிலிருந்து தப்பி 1910-களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளைகள்தான் சங்கத்தின் முதல் தலைமுறையில் பெரும்பாலோர். சிகாகோவின் தென்பகுதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி. அங்கே இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கம்கூட இரண்டாக இருந்தது: வெள்ளையருக்கு 10-ஆம் எண் கிளை, கறுப்பினத்தவருக்கு 208-ஆம் எண் கிளை. இரண்டும் ஒன்றானது 1966-இல்தான். இரட்டைக் குவளை தேநீர்க் கடையோடு நிற்பதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

அறுபதுகளின் நடுவில் தென்பகுதி கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மிச்சமிருந்த இடங்களில் வாடிக்கையாளர் கேட்கும் பழைய பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். முஹால் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ் என்ற பியானோ கலைஞர் அதற்குச் சில வருடங்கள் முன்பே 'எக்ஸ்பெரிமென்டல் பேண்டு' என்ற பெயரில் இளைஞர்களைச் சேர்த்து ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். மேடை கிடையாது, காசு கிடையாது, எழுதியதை வாசித்துப் பார்க்க ஓர் இடம், அவ்வளவுதான். ஆப்ரம்ஸ் பெரும்பாலும் தானே படித்துக்கொண்டவர். ஜோசஃப் ஷில்லிங்கரின் இசையமைப்புப் பாடநூல்களை வாங்கி வைத்து ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்.

1965-இல் ஆப்ரம்ஸ், ஜோடி கிறிஸ்டியன், ஸ்டீவ் மெக்கால், ஃபில் கோரன் என்ற நால்வர் அஞ்சலட்டை போட்டு சக கலைஞர்களைக் கூப்பிட்டார்கள். மே 8 அன்று கோரனின் வீட்டில் முதல் கூட்டம். யாரோ புத்திசாலித்தனமாக அதை ஒலிநாடாவில் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னாளில் சங்க உறுப்பினரான ஜார்ஜ் லூயிஸ், 2008-இல் வெளியிட்ட 600 பக்கங்களுக்கு மேற்பட்ட வரலாற்று நூலில் அந்தப் பேச்சுகளை எடுத்துத் தருகிறார். எனக்கு அந்த நூலில் மிகப் பிடித்த பக்கங்கள் அவைதான். புரட்சி முழக்கம் ஒன்றும் இல்லை. ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்: நம் மேடையில் நம்முடைய சொந்தப் படைப்பை மட்டும்தான் வாசிக்க வேண்டுமா? 'சொந்தம்' என்றால் என்ன? பழைய பாட்டை வேறு மாதிரி வாசித்தால் அது சொந்தமாகுமா? கிளப்பில் வாசித்துச் சோறு தின்பவன் என்ன செய்வான்?

முடிவில், சங்கத்தின் கச்சேரிகளில் உறுப்பினர்கள் எழுதிய இசைதான் ஒலிக்கும் என்று ஏற்றுக்கொண்டார்கள். வெளியே யாரும் எதையும் வாசித்துப் பிழைத்துக்கொள்ளலாம். சங்க மேடை மட்டும் வேறு. இந்த ஒரு விதி எவ்வளவு பெரியது என்பது யோசிக்க யோசிக்கத்தான் பிடிபடும். கறுப்பினக் கலைஞர் என்றால் 'வாசிப்பவர்', வெள்ளைக்காரர் என்றால் 'இயற்றுபவர்' என்று வழக்கமாகிப் போயிருந்த நாட்டில், நாங்கள் எல்லோருமே இயற்றுபவர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அதே ஆகஸ்டில் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்து கச்சேரிகளைத் தொடங்கினார்கள். தென்பகுதியில் இருந்த ஆபிரகாம் லிங்கன் சென்டர் என்ற சமூகக் கூடம் முக்கிய இடமானது. நாற்காலி போடுவதும் விளம்பரத் தாள் ஒட்டுவதும் நுழைவுச்சீட்டு விற்பதும் கலைஞர்களேதான். 1967-இல் சனிக்கிழமைப் பள்ளி ஆரம்பித்தார்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசம். அங்கே வாத்தியம் பழகுகிறவரும் சொந்தமாக எழுதிப் பார்க்க வேண்டும். 'முதல்ல பத்து வருஷம் பாடாந்தரத்தைச் சுத்தமா பண்ணு, அப்புறம் கற்பனையைப் பார்க்கலாம்' என்று சொல்லும் குருமார்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும்.

அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்களின் பட்டியல் நீளம். மிட்செல் 1966-இல் 'சவுண்ட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதில் ஹார்மோனிகாவும் சிறு மணிகளும் நீண்ட மௌனங்களும் சாக்ஸபோனுக்குச் சமமாக நிற்கும். பிராக்ஸ்டன் 1969-இல் ஒற்றை சாக்ஸபோனில், வேறு எந்தத் துணையும் இல்லாமல், இரண்டு இசைத்தட்டு நிறைய வாசித்துப் பதிவு செய்தார். மிட்செலும் நண்பர்களும் அதே வருடம் பாரிஸுக்குப் போய் 'ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ' என்ற பெயரில் புகழடைந்தார்கள். அவர்கள் மேடையேறும் படங்களை யூடியூபில் தேடிப் பாருங்கள். மூன்று பேர் ஆப்பிரிக்க உடையும் முகப்பூச்சுமாக நிற்பார்கள். டிரம்பெட் வாசிக்கும் லெஸ்டர் போவி மட்டும் வெள்ளைக் கோட்டில் வருவார், பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராக வந்தவர் மாதிரி. 'ஆதியிலிருந்து வருங்காலம் வரை மகத்தான கறுப்பிசை' என்பது அவர்கள் முழக்கம். முகப்பூச்சும் வெள்ளைக் கோட்டும் ஒரே மேடையில் நிற்பது என்பது அதன் விளக்கம்.

இனி ஜான் கேஜ். அமெரிக்கப் பரிசோதனை இசை என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர். 1952-இல் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி எதையும் வாசிக்காமல் இருக்கும் படைப்பை எழுதியவர். பெரிய கலைஞர், மறுப்பதற்கில்லை. பிராக்ஸ்டனின் அந்தத் தனி இசைத்தட்டில் ஒரு பகுதியே கேஜுக்குச் சமர்ப்பணம். சங்கத்தின் ஜோசஃப் ஜார்மன் 1965-இல் சிகாகோவில் கேஜோடு சேர்ந்தே மேடையேறினார். அதாவது இந்தப் பக்கத்திலிருந்து அவரைக் கேட்டார்கள், படித்தார்கள், மதித்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து? ஜாஸ் மீதும், அந்தந்த நொடியில் இசையைக் கட்டியெழுப்பும் மனோதர்மத்தின் மீதும் கேஜுக்கு இளக்காரம்தான் இருந்தது. ஜார்ஜ் லூயிஸ் 1996-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கைவிட்டு எண்ணக்கூடிய அளவு தெளிவாக வைக்கிறார்: 1950-க்குப் பிறகு ஐரோப்பிய மரபிலும் அமெரிக்க வெள்ளையர் மரபிலும் திடீரென்று எல்லோரும் தற்செயலையும் திறந்த வடிவத்தையும் பேசுகிறார்கள், பக்கத்துத் தெருவில் பீபாப் கலைஞர்கள் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருப்பதை மட்டும் யாரும் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்வதில்லை.

கேஜ் கதையில் நம் ஊர்க் கிளை ஒன்றும் உண்டு. 1946-இல் அகமதாபாத் ஆலை அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க் போனபோது கேஜ் அவரிடம் இந்திய இசை கற்றார். மனத்தை அமைதிப்படுத்தித் தெய்விகத்துக்குத் தயார்ப்படுத்துவதே இசையின் நோக்கம் என்ற கருத்தை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். உலகப் பரிசோதனை இசைக்குள் 'இந்தியா' நுழைந்த வாசல்களில் அது ஒன்று. அதே நகரத்தின் ஆலைகளில் தலித் தொழிலாளர்கள் நூற்புப் பிரிவோடு நிறுத்தப்பட்டு, நெசவுக் கூடத்துக்குள் விடப்படாமல் இருந்தார்கள். அந்த இரைச்சலிலிருந்து என்ன இசை வந்திருக்கும் என்று கேஜிடம் சொல்ல நியூயார்க்கில் யாரும் இருந்திருக்க முடியாது. இது கேஜின் குற்றமில்லை. யாரால் கப்பலேற முடிந்தது என்பதுதான் விஷயம்.

பெயர் வைப்பது வெறும் பெயரோடு முடிவதில்லை, பணத்தில் போய் நிற்கும். அமெரிக்க அரசின் கலை நல்கையில் அன்று 'இசை'க்கு ஒரு பெட்டி, 'ஜாஸு'க்கு வேறு பெட்டி இருந்தது. இரண்டாவது சின்னப் பெட்டி. இசைக்குழு முழுவதற்கும் எழுதினாலும், மின்னணு இசை செய்தாலும், கறுப்பினத்தவர் என்றால் விண்ணப்பம் சின்னப் பெட்டிக்குப் போனது. 'ஜாஸ்' என்ற சொல்லைச் சங்கத்தார் விட்டொழித்ததை வெறும் கர்வம் என்று எழுதிய விமர்சகர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்காது. இங்கே 'செவ்வியல்', 'நாட்டுப்புறம்' என்று இரண்டு பெட்டிகள். எந்தப் பெட்டியில் யார் என்று இந்தத் தளத்தின் வாசகருக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

சங்கத்துக்குள்ளும் எல்லாம் சுமுகமாக இல்லை. நிறுவனர் நால்வரில் ஒருவரான ஃபில் கோரன் சீக்கிரமே விலகினார். ஆப்பிரிக்க மூதாதையர் மரபை மீட்டு மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் வழி. மற்ற இளைஞர்கள் போன திசை அவருக்கு ஒத்துவரவில்லை. பிறகு அஃப்ரோ-ஆர்ட்ஸ் தியேட்டர் என்ற அரங்கைத் தொடங்கி அதையும் தென்பகுதியில் ஓர் இயக்கம் போல நடத்தினார். யார் சரி? முதலில் படித்தபோது எனக்கு ஆப்ரம்ஸ் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம் என் தாத்தா.

தாத்தா பறையடித்தவர். எண்பதுகளின் இறுதியில் எங்கள் காலனி இளைஞர்கள் கூடி, இனி ஊருக்குச் சாவுமேளம் அடிப்பதில்லை என்று முடிவெடுத்தபோது முதலில் கையெழுத்து வைத்தவரும் அவர்தான். அதன்பிறகு சாகும்வரை தொடவில்லை. இன்று பறை விடுதலையின் கருவியாகக் கல்லூரி மேடைகளில் முழங்குகிறது. அதைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தாத்தாவின் 'மாட்டேன்' என்பதும் ஓர் இசை முடிவுதான் என்று இப்போது தோன்றுகிறது. அடிப்பதும் சரி, விடுவதும் சரி, அதைக் கழற்றிப் போட்டு இதுவரை யாரும் கேட்காத ஒன்றைச் செய்வதும் சரி, முடிவு அவன் கையில் இருக்க வேண்டும். 'உங்களுக்குன்னா பறை' என்று சொன்னவர் அந்த முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் வலித்தது.

இன்னொரு சங்கடமான பக்கமும் உண்டு. அறுபதுகளின் இறுதியில் சங்கத்தில் ஒரே ஒரு வெள்ளையர் உறுப்பினராக இருந்தார். வைப்ரஃபோன் வாசிப்பவர், பலருக்கு நண்பர். அவர் இருக்கலாமா என்று கடும் விவாதம் நடந்து, கடைசியில் அவரால் நீடிக்க முடியவில்லை. தாராளவாத நண்பர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் நான் எடுத்துக்காட்டுவது அரிஜன சேவா சங்கத்தை. 1932-இல் தீண்டப்படாதோருக்காகத் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் நிர்வாகத்தில் தீண்டப்படாதோருக்கே இடம் கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், நீங்கள் எதற்கு என்பது காந்தியின் பதிலாக இருந்தது. அம்பேத்கர் இதை விடாமல் சாடினார். நமக்காகப் பிறர் நடத்தும் சங்கத்தையும் நாமே நடத்தும் சங்கத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் அந்த ஒரு மனிதரின் கதையைப் படிக்கும்போது மனசு கனக்கத்தான் செய்தது.

பெண்கள் விஷயத்தில் எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. அமினா கிளாடின் மையர்ஸ் ஆரம்ப வருடங்களிலேயே வந்து சேர்ந்த பியானோ, ஆர்கன் கலைஞர். அவரைத் தவிர அந்தத் தலைமுறையில் பெயர் சொல்ல நாம் திணறுகிறோம். நாற்காலி போட்டவர்கள் ஆண்கள் என்றேன். அவர்கள் வீட்டில் அடுப்பெரித்தது யார் என்று வரலாறு அதிகம் பேசுவதில்லை. புல்லாங்குழல் கலைஞர் நிக்கோல் மிட்செல் சங்கத்தின் முதல் பெண் தலைவராக வந்தபோது புதிய நூற்றாண்டு பிறந்துவிட்டது. நம் அமைப்புகளின் நிர்வாகிகள் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

இன்று அவர்களுக்கு அங்கீகாரம் வந்திருக்கிறது. ஹென்றி த்ரெட்கில் 2016-இல் புலிட்சர் பரிசு பெற்றார். சமகால இசைக்கென்றே இயங்கும் பெரிய அமைப்புகளில் ஒன்றான இன்டர்நேஷனல் கான்டெம்பரரி என்செம்பிளுக்கு ஜார்ஜ் லூயிஸ் கலை இயக்குநரானார். சின்னப் பெட்டியில் போடப்பட்டவர் பெரிய பெட்டியின் சாவியை வாங்கிவிட்டார் என்று கொண்டாடலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: பரிசு வருவதற்கு முன்னால் ஐம்பது வருடங்கள் சங்கம் இருந்தது. நிதி இல்லாதபோதும், விமர்சகர் வராதபோதும், பத்துப் பேர் மட்டும் வந்த கச்சேரியிலும் இருந்தது.

இங்கே 2018-இல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது எத்தனையோ பேருக்குப் போல எனக்கும் கண்ணில் நீர் வந்தது. அந்தப் பாடல்களில் சொற்கள் உண்டு, செய்தி உண்டு, கூடவே ஆடலாம். அது வேண்டும், இன்னும் நூறு வேண்டும். நான் கேட்பது அதற்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. சொற்களே இல்லாமல், செய்தி இல்லாமல், கேட்பவருக்கு உடனே புரியாமல், ஒரு தலித் இளைஞனோ இளைஞியோ ஒரு மணி நேரம் சத்தத்தோடு விளையாடினால் நாம் உட்கார்ந்து கேட்போமா? 'இது மக்களுக்குப் புரியாதே தோழர்' என்று நாமே அல்லவா முதலில் சொல்வோம்? மாநகரங்களின் கலைக்கூடங்களில் குளிர்பதன அறையில் நடக்கும் பரிசோதனை இசை மாலைகளுக்கு நான் போயிருக்கிறேன். மிக்ஸி சத்தத்தைப் பதிவு செய்து ஒருவர் வாசித்துக் காட்ட, எல்லோரும் கண்மூடிக் கேட்டோம். யாரும் அவரிடம் எதிர்ப்பு எங்கே என்று கேட்கவில்லை.

என் சித்தப்பா மகனுக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு செல்போன் கடையில் சர்வீஸ் வேலை பார்க்கிறான். பழைய ஸ்பீக்கர்களையும் உடைந்த கீபோர்டு ஒன்றையும் வைத்து ஏதோ செய்கிறான். போன பொங்கலுக்கு நாற்பது நிமிடம் கேட்க வைத்தான். நடுவில் ஓர் இடத்தில் தாத்தாவின் இருமல் சத்தம் வந்தது. பழைய போனில் எப்போதோ பதிவானதாம். வேறு எங்கும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எப்படிண்ணே இருக்கு?" என்றான். தெரியலடா, இன்னொரு தடவை போடு என்றேன்.

காலனியின் அம்பேத்கர் இரவுப் பாடசாலைக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் கேட்டிருக்கிறான். மன்றத்தில் சிலருக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இதென்ன கூத்து, ஊர்க்காரன் சிரிப்பான் என்கிறார் செயலாளர் மாமா. அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. அந்தக் கூடத்தை வாங்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு முடிவெடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். பேசுவதற்கு ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன். வில்லிசாவ் பதிவைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறேன், போட்டுக் காட்டலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.